துகளின் வடிவமும் வினையின் விரைவும்



மொழியியல் கற்றவர் வேதியியல் பேச வந்தது ஏன் என்னும் வினா உங்கள் உள்ளத்தில் எழுவது இயல்பே. அதற்கு விடையாக, நாம் செய்த பிழை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசுவதற்காக இதே கேமரன் மலைக்கு வந்திருந்தோம். தேயிலைத் தோட்டத்து மண்டபம் ஒன்றில் ஆசிரியர்களும் இடைநிலைப்பள்ளி மாணவர்களும் கூடியிருந்தனர். நாம் உறுப்பினராக இருந்த சொல்லாக்கக் குழு ஒன்று தொகுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக விளக்கி வந்தோம். நானோ அளவிலான துகளுக்கு அப்பட்டியலில் நாம் முன்மொழிந்திருந்த சொல் ‘நுண்ணுருண்டை’ என்பது. செவிக்கு இனிய சொல் என்று அந்நாளில் எமக்கு அதன்மேல் சற்றுப் பெருமையும் இருந்தது.

நான்காம் படிவத்து மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, எல்லாமே உருண்டையாகத்தான் இருக்குமா? முக்கோணமாக இருந்தால் அதற்கு என்ன பெயர்?” என்று கேட்டாள். அவையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்துவிட்டு, “கண்ணுக்கே தெரியாத பொருளம்மா, அது உருண்டையாக இருந்தால் என்ன, முக்கோணமாக இருந்தால் என்ன? பொன் பொன்தானே!” என்று விடை கூறி அமர்த்திவிட்டோம்.

அவ்விடை பிழை. வேதியியல் அறிந்த நண்பர் ஒருவரிடம் பின்னர் இதனைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “அந்தப் பெண் கேட்டதுதான் இத்துறையின் நடுவான கேள்வி” என்றார். அன்று தொடங்கிப் படித்தும் கேட்டும் அறிந்ததை, வினா எழுந்த மலையிலேயே விடையாக வைக்க வந்துள்ளோம்.

வினையூக்கி என்பது யாது?

தாமாக நிகழ்வதற்கு நெடுங்காலம் எடுக்கும் வேதிவினைகள் பல உள. அவற்றினிடையே வேறொரு பொருளைச் சிறிதளவு சேர்த்தால் வினை விரைந்து நிகழ்கிறது. சேர்த்த பொருளோ இறுதியில் செலவாகாமல் எஞ்சுகிறது. இந்நிகழ்ச்சிக்கு 1835ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலர் பெர்சீலியசு பெயரிட்டார். பின்னர் வில்கெல்ம் ஆசுட்வால்டு அதனை வினையின் வேகத்தோடு இணைத்துத் தெளிவுபடுத்தினார். 1909ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. தமிழில் இப்பொருளை ‘வினையூக்கி’ என்கிறோம்.

ஊக்கி என்பதால் அது வினைப்படும் பொருள்களைப் பின்னின்று தள்ளுகிறது என்று கொள்ளலாகாது. ஈண்டு இம்மலைப்பாதையே நல்ல எடுத்துக்காட்டு. ஓர் ஊரிலிருந்து மறுபுறத்து ஊருக்குச் செல்ல இடையில் ஒரு மலைமுகட்டைக் கடக்க வேண்டும் என்று கொள்வோம். முகடு உயரமாயின் கடப்போர் சிலரே. அம்மலையில் தாழ்ந்த கணவாய் ஒன்றைக் கண்டு பாதை வகுத்தால் பலர் கடப்பர். இரண்டு ஊர்களின் உயரமும் மாறவில்லை. இடைப்பட்ட ஏற்றம் மட்டுமே குறைந்தது. அந்த ஏற்றத்தைக் கிளர்வாற்றல் என்பர். வினையூக்கி செய்வது தாழ்ந்த பாதையைத் திறந்துவிடுவதே.

வினையூக்கியைக் காண நீங்கள் ஆய்வுக்கூடத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் இம்மலையில் போ தேயிலை நிறுவனத்தைத் தோற்றுவித்த காலந்தொட்டு, இங்குள்ள தொழிற்சாலைகளில் அது நாள்தோறும் வேலை செய்து வருகிறது. பறித்த கொழுந்தை முதலில் வாட்டுவர். பின் எந்திரத்தில் இட்டு உருட்டுவர். உருட்டும்போது இலையின் உயிரணுக்கள் சிதைந்து, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பாலிஃபீனால்களும் ஒரு நொதியும் ஒன்றோடொன்று கலக்கின்றன. அந்நொதியின் நடுவே செம்பு அணுக்கள் அமைந்துள்ளன. காற்றிலுள்ள ஆக்சிசன் பாலிஃபீனால்களோடு சேர்வதை அது விரைவுபடுத்துகிறது. பச்சை இலை செம்பழுப்பாகிறது. தேயிலையின் மணமும் துவர்ப்பும் பிறக்கின்றன.

தொழிற்சாலையில் இதனை ‘நொதித்தல்’ என்று சொல்வதுண்டு. மாவு புளிப்பதைப் போல நுண்ணுயிர் நிகழ்த்தும் வேலை இதுவன்று, ஆக்சிசனேற்றமே. ஆயினும் ‘நொதி’யால் நிகழ்வது என்று பிரித்துப் பொருள் கொண்டால் சொல் முற்றும் பொய்யாகவும் இல்லை. சொற்கள் நம்மை ஒருபுறம் வழிநடத்தி மறுபுறம் வழிதவறச் செய்யும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இங்கே ஒன்றை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். நிறம் வேண்டிய அளவு ஏறியதும் இலையைச் சூடேற்றி உலர்த்துகிறார்கள். சூட்டில் நொதியின் மடிப்பு குலைகிறது; உடனே வேலை நின்றுவிடுகிறது. பசுந்தேயிலை செய்வோர் இந்தச் சூட்டைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவதால் இலை பசுமை மாறாமல் நிற்கிறது. செம்பு இலையை விட்டு எங்கும் போய்விடவில்லை. அதனைத் தாங்கி நின்ற வடிவமே குலைந்தது. ஆகவே, “வடிவத்தால் என்ன ஆகிவிடும்” என்று நாம் கேட்டதற்கு உரிய மறுப்பு, நாம் பேசிய மண்டபத்துக்கு அருகிலிருந்த தொழிற்சாலையிலேயே இருந்தது.

சிறுமையின் பயன்

நொதியை விட்டு உலோகத்திற்கு வருவோம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பெயர்பெற்ற வினையூக்கிகள். தாப்பாவிலிருந்து மலையேறி வரும் பெட்ரோல் மகிழுந்துகளின் புகைபோக்கியில் நச்சு வளிகளைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கருவியில் இருப்பவையும் இவையே. இவை அரியவை, விலை மிக்கவை. உலோகக் கட்டியின் உள்ளே புதைந்து கிடக்கும் அணு, வினைப்படும் பொருளைத் தொடுவதே இல்லை. புறத்தே இருக்கும் அணுவே தொழில் செய்கிறது. எனவே உலோகத்தைச் சிறு துகள்களாக்கினால் உள்ளிருக்கும் அணுக்கள் பலவும் வெளிப்பரப்புக்கு வந்து பயன்படும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு, பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக நறுக்குவதாகக் கற்பனை செய்வோம். மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர் ஆகும். ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர்! விரல்நுனி அளவுள்ள உலோகம் ஒரு சிறு தேயிலைச் சரிவின் பரப்பை அடைந்துவிடுகிறது.

இதுவரை நாம் பேசியது அளவு பற்றி. அளவு மட்டுமே பொருட்டாக இருந்திருந்தால், ‘நுண்ணுருண்டை’ என்னும் சொல்லால் பெருங்கேடு விளைந்திராது. ஆனால் புறத்தே இருக்கும் அணுக்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல.

முகம், விளிம்பு, முனை

கொழுந்து பறிப்போர் செடியிலுள்ள எல்லா இலைகளையும் பறிப்பதில்லை. நல்ல தேயிலைக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது வழிவழியாக வந்த கணக்கு. முற்றிய இலையும் அதே செடியின் இலைதான். எனினும் தொழிலுக்கு வேண்டியது கிளையின் நுனியில் இருப்பது. உலோகத் துகளிலும் இதற்கு ஒப்பான நிலை உண்டு.

பிளாட்டினத்தின் உள்ளே இருக்கும் ஓர் அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு அணுக்கள் நெருங்கி நிற்கும். அதன் பிணைப்புத் திறன் அவற்றோடு செலவாகிவிடுகிறது. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு அத்தனை அண்டையர் இல்லை. மேற்பரப்பும் ஒரே வகையினதன்று. அணுக்கள் தேன்கூட்டின் ஒழுங்கில், ஒன்றைச் சுற்றி ஆறாக நெருங்கி அடுக்கப்பட்ட முகம் ஒன்று. அங்கே ஓர் அணுவுக்குத் தளத்தில் ஆறும் கீழே மூன்றுமாக ஒன்பது அண்டை அணுக்கள். சதுரக் கட்டங்களைப்போல் அடுக்கப்பட்ட முகம் மற்றொன்று. அங்கே தளத்தில் நான்கும் கீழே நான்குமாக எட்டு. இரண்டு முகங்கள் கூடும் விளிம்பில் இவ்வெண்ணிக்கை மேலும் குறையும். விளிம்புகள் கூடும் முனையில் இன்னும் குறையும். அண்டையர் குறையக் குறைய, வெளியிலிருந்து வரும் மூலக்கூற்றைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் பொதுவாகக் கூடும்.

இப்போது வடிவம் ஏன் பொருட்டாகிறது என்பது விளங்கும். கனசதுரத் துகளின் ஆறு முகங்களும் சதுர அடுக்கு முகங்கள். நான்கு முக்கோணங்களால் ஆன நான்முகியின் முகங்கள் யாவும் அறுகோண அடுக்கு முகங்கள். கனசதுரத்தின் எட்டு முனைகளையும் வெட்டியெடுத்தால் கிடைக்கும் பதினான்கு முக வடிவத்தில் இரு வகை முகங்களும் உண்டு. உலோகம் ஒன்றே, வினைப்படும் பொருளுக்கு அது காட்டும் முகமே வேறு.

தமிழாசிரியர்களுக்கு இதனைப் புணர்ச்சி இலக்கணத்தால் விளக்கலாம். மரம் என்பதும் வேர் என்பதும் சேர்ந்து ‘மரவேர்’ ஆகும்போது, மாற்றம் நிலைமொழியின் ஈற்றில் நிகழ்கிறது. உள்ளிருக்கும் மகரமும் ரகரமும் அசையவில்லை. அதே நிலைமொழி ‘மணி’ என இகர ஈறாக இருந்து ‘அடித்தான்’ என்பதோடு சேர்ந்தால், ஈறு கெடாமல் யகர உடம்படுமெய் தோன்றி ‘மணியடித்தான்’ ஆகிறது. சொல்லின் எல்லையில் எந்த எழுத்து நிற்கிறது என்பதே புணர்ச்சியைத் தீர்மானிக்கிறது. துகளின் எல்லையில் எத்தகைய அணு நிற்கிறது என்பதே வினையைத் தீர்மானிக்கிறது. இவ்வொப்புமை இங்கு வரைதான் செல்லும். எழுத்துக்கு ஆற்றல் கணக்கு இல்லை. ஆயினும் ‘எல்லையில் நிற்பது யார்?’ என்று கேட்கும் பழக்கம் தமிழ் மாணவனுக்குப் புதியதன்று என்பதைச் சுட்டவே கூறினோம்.

சான்றுகள்

இவையெல்லாம் கருத்தளவில் நிற்பவை அல்ல, அளந்து காட்டப்பட்டவை.

முதற்சான்று, நீங்கள் தோட்டத்தில் இடும் உரத்தோடு தொடர்புடையது. தழைச்சத்து உரங்களுக்கு அடிப்படையான அம்மோனியா, நைட்ரசனையும் ஐதரசனையும் இரும்பு வினையூக்கியின்மேல் செலுத்திச் செய்யப்படுகிறது. அமெரிக்காவில் காபர் சோமார்ஜாயும் அவர்தம் உடனாய்வாளர்களும் இரும்புப் படிகத்தை வெவ்வேறு திசையில் வெட்டி, ஒவ்வொரு முகமும் எவ்வளவு விரைவாக அம்மோனியாவை ஆக்குகிறது என்று அளந்து 1982ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அணுக்கள் மிக நெருங்கி நின்ற முகத்தின் விரைவை 1 என்று கொண்டால், அடுத்த முகம் 25. அணுக்களிடையே மிகுதியாகத் திறப்புள்ள முகம் 418. ஒரே இரும்பின் மூன்று முகங்களுக்கிடையே நானூறு மடங்குக்கு மேல் வேறுபாடு! இவை கையால் எடுக்கக்கூடிய அளவுள்ள படிகங்கள். இத்தகைய முகங்களைத் தேர்ந்து துகளுக்கு அளிக்க முடியுமா என்பதே அடுத்து எழுந்த வினா.

1996ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் முஸ்தபா எல்-சயீத் குழுவினர், கரைசலில் பிளாட்டினத் துகள்களைக் கனசதுரமாகவும் நான்முகியாகவும் வளர்த்துக் காட்டினர். 2004ஆம் ஆண்டில் அதே ஆய்வுக்கூடத்தில் ராதா நாராயணனும் எல்-சயீதும் மூன்று வடிவங்களை ஒரே வினையில் ஒப்பிட்டனர். பெர்ரிசயனைடு அயனிக்கும் தயோசல்பேட்டு அயனிக்கும் இடையே எலக்ட்ரான் கைமாறும் வினை அது. முன்னதன் மஞ்சள் நிறம் மங்கும் விரைவைக்கொண்டு வினையின் விரைவை அளக்கலாம். கிளர்வாற்றல் நான்முகித் துகளில் மோலுக்கு 14 கிலோஜூல். ஏறத்தாழ உருண்டையானதில் 22.6, கனசதுரத்தில் 26.4. மலைப்பாதை உவமையில் சொல்வதானால், ஒரே உலோகம் மூன்று வடிவங்களில் மூன்று உயரமுள்ள கணவாய்களைத் திறந்தது.

இங்கே கூர்மையான மாணவர் ஒரு தடை எழுப்புவர். “கனசதுரத்திற்கு முனைகள் எட்டு, விளிம்புகள் பன்னிரண்டு, நான்முகிக்கு முனைகள் நான்கு, விளிம்புகள் ஆறு. அவ்வாறாயின் கனசதுரமன்றோ முந்த வேண்டும்?” நல்ல தடை. பொருட்டாவது எண்ணிக்கையன்று, விகிதம். அவ்வாய்வில் நான்முகியின் சராசரி அளவு 4.8 நானோமீட்டர்; கனசதுரத்தினது 7.1. இவற்றைப் பக்கநீளமாகக் கொண்டு கணக்கிடுங்கள். நான்முகியின் பரப்பு ஏறத்தாழ 40 சதுர நானோமீட்டர், விளிம்புகளின் மொத்த நீளம் 29 நானோமீட்டர். கனசதுரத்தின் பரப்பு 302, விளிம்பு நீளம் 85. ஒரு சதுர நானோமீட்டர் பரப்புக்கு நான்முகியில் 0.72 நானோமீட்டர் விளிம்பும், கனசதுரத்தில் 0.28 நானோமீட்டர் விளிம்பும் வருகின்றன. இரண்டரை மடங்கு வேறுபாடு. விளிம்பிலும் முனையிலும் நிற்கும் அணுக்களின் பங்கு கூடக்கூட வினை விரைகிறது என்பதே அவ்வாய்வாளர் கண்ட முடிவு. அளவும் வடிவமும் இங்கே சேர்ந்தே மாறியுள்ளன என்பதையும் மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆய்வைப் படிக்கும்போது எது மாறியது, எது மாறாமல் நின்றது என்று கேட்பதே முதற்கடன்.

விரைவு மட்டுமன்று, விளைபொருளும் மாறக்கூடும். 2007ஆம் ஆண்டில் சோமார்ஜாய், பெய்டாங் யாங் ஆகியோரின் குழுவினர் பென்சீனோடு ஐதரசனைச் சேர்க்கும் வினையை ஆராய்ந்தனர். பதினான்கு முகப் பிளாட்டினத் துகள், சைக்ளோஎக்சேன், சைக்ளோஎக்சீன் என்னும் இரண்டு பொருள்களைத் தந்தது. கனசதுரத் துகள் சைக்ளோஎக்சேன் ஒன்றையே தந்தது. வேண்டாத பொருளைப் பிரித்தெடுப்பதற்குத் தொழிற்சாலைகள் பெரும்பொருள் செலவிடுகின்றன. ஆதலின் ‘எவ்வளவு விரைவு’ என்பதைப்போலவே ‘எதைத் தருகிறது’ என்பதும் தலையாய வினா.

அதே 2007இல் சீனாவின் சியாமென் பல்கலைக்கழகத்து ஷி-காங் சுன், ஜார்ஜியாவின் சோங் லின் வாங் ஆகியோர் குழுவினர் இருபத்துநான்கு முகங்களை உடைய பிளாட்டினத் துகளை ஆக்கினர். அம்முகங்கள் வழுவழுப்பானவை அல்ல; அணுவளவில் நோக்கினால் படிப்படியாக வெட்டிய மலைச்சரிவு போன்றவை. ஒவ்வொரு படியின் ஓரத்திலும் அண்டையர் குறைந்த அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. பார்மிக் அமிலம், எத்தனால் ஆகியவற்றை மின்வேதி முறையில் ஆக்சிசனேற்றும்போது, சமமான பரப்புக்கு இத்துகள் நான்கு மடங்கு வரை மிகுந்த செயல்திறன் காட்டியது.

வடிவம் எவ்வாறு பிறக்கிறது?

இத்துணைச் சிறிய பொருளை உளிகொண்டு செதுக்க இயலாது. கரைசலில் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து துகள் வளர்கிறது. அப்போது சில மூலக்கூறுகளை உடன் இட்டால், அவை குறிப்பிட்ட முகத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு அம்முகத்தின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. இதில் வியப்புக்குரிய உண்மை ஒன்று உண்டு. விரைந்து வளரும் முகம் தன்னையே சுருக்கிக்கொண்டு இறுதியில் மறைந்துவிடும். மெல்ல வளரும் முகமே எஞ்சி நின்று துகளின் வடிவமாகும். எனவே எந்த முகம் வேண்டுமோ அந்த முகத்தின் வளர்ச்சியைத் தடுக்க வேண்டும்.

இத்தகைய மூலக்கூறுகள் செடிகளிலும் உள. 2004ஆம் ஆண்டில் புணே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முரளி சாஸ்திரி குழுவினர், எலுமிச்சைப்புல்லின் சாற்றைப் பொன் உப்புக் கரைசலில் சேர்த்து, மெல்லிய முக்கோணத் தட்டுகளாகப் பொற்துகள்களைப் பெற்றனர். மலேசியாவில் நாம் சமையலில் இடும் ‘செராய்’ இப்புல்லினமே. மாணவி கேட்ட முக்கோணம் இதோ! நாம் அவளை அமர்த்துவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அது ஆய்விதழில் அச்சேறியிருந்தது.

தேயிலைக்கும் இதில் இடமுண்டு. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் நடகௌடா, வர்மா ஆகியோர் தேயிலை, காப்பி ஆகியவற்றின் சாற்றைக்கொண்டு அறை வெப்பநிலையிலேயே வெள்ளி, பல்லேடியத் துகள்களை ஆக்கினர். தொழிற்சாலையில் ஆக்சிசனை ஏற்றுச் செம்பழுப்பாகும் அதே பாலிஃபீனால்கள், உலோக அயனிக்கு எலக்ட்ரானை அளித்து அதனை உலோகமாக்குகின்றன. பின்னர் துகளின்மேல் படிந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கின்றன. கடும் வேதிப்பொருள் வேண்டா என்பது இம்முறையின் சிறப்பு. குறையும் உண்டு. இலைச்சாற்றில் எண்ணற்ற பொருள்கள் கலந்துள்ளன. பருவமும் மண்ணும் பறிக்கும் முறையும் மாற அவற்றின் அளவும் மாறும். எனவே பல வடிவங்கள் கலந்து பிறக்கின்றன. ஒரே வடிவத்தை வேண்டியபோதெல்லாம் பெறுவது அரிது. ‘இலைச்சாற்றில் நானோ துகள் செய்தோம்’ என்னும் செய்தியை எங்கேனும் படித்தால், ‘எவ்வடிவம்? எத்தனை பங்கு?’ என்று கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

முனை கூர்மையாகக் கூர்மையாக நன்று என்று முடிவுகட்டிவிடலாகாது. 1912ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு வேதியியலர் பால் சபாத்தியே காட்டிய நெறி ஒன்றுண்டு. வினையூக்கி மூலக்கூற்றை மிகத் தளர்வாகப் பற்றினால் வினை நிகழாது. மிக இறுகப் பற்றினால் விளைபொருள் விலகாமல் அங்கேயே தங்கி, அடுத்து வருவதற்கு இடமின்றிப் போகும். பற்றவும் வேண்டும், விடவும் வேண்டும். முனையணு மிக இறுகப் பற்றும் வினைகளில் அமைதியான முகமே சிறந்தது. ஆகவே சிறந்த வடிவம் என்று பொதுவாக ஒன்றில்லை. இன்ன வினைக்கு இன்ன வடிவம் என்பதே உண்மை.

இரண்டாவது, வடிவம் நிலைத்திருப்பதில்லை. நாராயணனும் எல்-சயீதும் அதே ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், வினை நடந்துகொண்டிருக்கும்போதே நான்முகியின் முனைகளும் கனசதுரத்தின் முனைகளும் தேய்ந்து, கிளர்வாற்றல் உருண்டைத் துகளின் மதிப்பை நோக்கி நகர்வதைக் கண்டனர். மிகுதியாக உழைக்கும் இடமே முதலில் தேய்கிறது. பேச்சுவழக்கில் ‘இருக்கிறது’ என்பது ‘இருக்கு’ எனத் தேய்வதை ஆராய்ந்த எமக்கு இது அயலான செய்தியாகத் தோன்றவில்லை. முனையின் கூர்மையைக் காத்துக்கொண்டே உழைக்கச் செய்வது எவ்வாறு என்பது இத்துறையினர் இன்றும் முயன்றுவரும் பணி.

சொல்லுக்குத் திரும்புவோம்

அம்மாணவியின் வினாவை நாம் ஏன் கேட்கத் தவறினோம்? அறியாமை ஒரு காரணம். சொல்லும் ஒரு காரணம். ‘நுண்ணுருண்டை’ என்று பெயரிட்டபோதே வடிவம் பற்றிய கேள்விக்கு நாம் விடையும் எழுதி, கதவையும் அடைத்துவிட்டோம். அச்சொல்லைக் கொண்டு ‘முக்கோண நுண்ணுருண்டை’ என்று எழுத முயன்று பாருங்கள், சொல்லே நகைப்புக்கிடமாகும். ஒரு கலைச்சொல் இனிமையாக இருப்பது மட்டும் போதாது. அத்துறையில் எழக்கூடிய வினாக்களுக்கு அது இடம் விட்டு நிற்க வேண்டும். ‘துகள்’ என்னும் பழஞ்சொல் எவ்வடிவத்தையும் முன்கூட்டித் திணிப்பதில்லை. ‘நானோ துகள்’ என்றோ ‘மீநுண் துகள்’ என்றோ எழுதுங்கள். எமது சொல்லைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். முகம், விளிம்பு, முனை, அண்டை என்னும் சொற்கள் வீட்டில் வழங்குபவை. அவற்றைக் கொண்டே இவ்வுரையின் நுட்பமான பகுதியை விளக்க முடிந்ததை நீங்களே கண்டீர்கள்.

இந்நாட்டில் அறிவியலையும் கணிதத்தையும் எம்மொழியில் கற்பிப்பது என்னும் வழக்கு நெடிது. 2003ஆம் ஆண்டில் ஆங்கிலவழிக் கொள்கை வந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. 2016 முதல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. அவ்வழக்கை இங்கே தீர்க்க நாம் வரவில்லை. ஆனால் அதற்கு முந்தைய கடமை ஒன்று ஆசிரியர்க்கு உண்டு. மாணவர் எம்மொழியில் ஐயம் எழுப்பினாலும், அவ்வையத்தை அமர்த்தாமல் ஏற்பது. அன்று அப்பெண் தமிழில் நினைத்துத் தமிழில் கேட்டாள். அவள் வினாவில் குறையில்லை. குறை, தமிழில் விடை சொல்ல வேண்டியிருந்த எம்மிடத்தில் இருந்தது.

அவள் பாட்டி இத்தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் என்று பின்னர் அறிந்தோம். எந்த இலையைக் கிள்ளுவது, எதை விடுவது என்று நுனி பார்த்து வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளை, துகளின் முனையைப் பற்றிக் கேட்டதில் வியப்பில்லை. இந்த அவையில் அவள் இருக்கிறாளா என்று தெரியவில்லை. இருந்தால், “வடிவம் மாறினால் வேலையும் மாறும், அம்மா, நீ கேட்டது சரி” என்பதே நாம் சொல்ல வந்த விடை. இல்லையெனில், அவளைப்போல் இனி எழுந்து கேட்கப்போகும் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாகிய நீங்கள் இதனைச் சொல்லுங்கள்.